என் பாடத்தை இவர் படித்த கதை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் கணவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

பதறாதீர்கள். நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் நானும் நீங்கள் நினைத்ததைத்தான் நினைத்தேன்!

சூரிச்சுக்குப் பக்கத்தில், டீட்டிகோனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் எனக்கு வேலை என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அன்றைக்குத் தலையிடி என்று சொல்லிவிட்டு நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தால்... சமையலறையில் இவர் குரல். மெல்லிய குரல். கூடவே ஒரு இளம் பெண்ணின் குரல். அவள் ஒரு சொல் சொல்கிறாள், இவர் அதைக் குழைந்து குழைந்து திருப்பிச் சொல்கிறார். இந்த மனிதர் என்னோடு இவ்வளவு பதமாகக் கதைத்து எத்தனை வருடம்!

எட்டிப் பார்த்தேன். மேசையில் உரித்து வைத்த வெங்காயம். மடித்து வைத்த துவாய்கள். நடுவில் என் டேப்லெட். மூக்கு நுனியில் கண்ணாடியோடு உட்கார்ந்து, இவர் என்னுடைய கொரிய மொழிக் கார்டுகளைத் தட்டித் தட்டி முடித்துக்கொண்டிருந்தார்.

கொரிய மொழியா? உங்களுக்கு எதற்கு அம்மா இந்த வயதில்? என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் மகன் ஆரூரன் கட்டியிருப்பது ஒரு கொரியப் பெண்ணை. பெயர் சோயோன். சூரிச்சில் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை. தங்கமான பிள்ளை. இரண்டு வருடத்துக்கு முன் நடந்த கல்யாணத்துக்கு அவளுடைய அம்மா பூசான் நகரத்திலிருந்து வந்திருந்தார். கணவரை இழந்தவர். ஒரே மகள். அந்த ஒரே மகளை இவ்வளவு தூரத்தில், முன்பின் தெரியாத ஒரு வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். எனக்கு விளங்காதா அந்த வயிறு?

அதனால் அவரிடம் ஒன்று சொல்ல நினைத்தேன். "உங்கட பிள்ளை எங்கட பிள்ளை. நாங்கள் பாத்துக்கொள்ளுவம். தூரம் எண்டு நினைச்சு நீங்கள் கவலைப்படக்கூடாது." இதை மனம் உருகி, கண் கலங்கி, மூன்று நிமிடம் சொன்னேன். ஆரூரன் அதை ஜெர்மனில் சோயோனிடம் சொன்னான். அரை நிமிடம். சோயோன் வெட்கத்தோடு அதைக் கொரியனில் அம்மாவிடம் சொன்னாள். ஒரே ஒரு சொல்! சம்மந்தி என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்.

என்ன போய்ச் சேர்ந்திருக்கும்? "சாப்பாடு நல்லாம்" என்று போய்ச் சேர்ந்திருக்கும்!

என் மகனின் மொழிபெயர்ப்பு எனக்கு இன்று நேற்றுப் பழக்கமா? பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்புக்குப் போனால் டீச்சர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ சொல்லுவார். அப்போது எனக்கு ஜெர்மன் அரைகுறை. "என்னவாம்?" என்று கேட்டால், "நல்லாப் படிக்கிறனாம் அம்மா" என்பான். இந்த நாட்டில் பிள்ளைகளை வைத்துப் பேசிய எந்தத் தாயும் இதை அனுபவித்திருப்பாள். நடுவில் நிற்கிற ஆள் தனக்கு வேண்டியதைத்தான் கடத்துவார்.

பிறகு சோயோன் கர்ப்பமானாள். பிள்ளைப்பேறு பார்க்க அம்மா வருகிறார், ஒரு மாதம் நிற்பார் என்று சேதி வந்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன். இந்த முறை நடுவில் யாரும் வேண்டாம். என் சம்மந்தியோடு என் வாயால்தான் கதைப்பேன். அந்த ஒரு வசனத்தை நானே சொல்லுவேன்.

வகுப்புக்குப் போகலாம் என்றால் வேலை நேரம் ஒத்துவரவில்லை. சோயோன்தான் ஃபிளாஷ் கார்டு ஆப் ஒன்றை டேப்லெட்டில் போட்டுத் தந்தாள். ஒரு பக்கம் கொரியன், மறுபக்கம் தமிழ். தமிழை நான் எழுதினேன். கொரியனை அவளே தன் குரலில் பதிந்து தந்தாள். நான் கேட்டுப் பழகவேண்டியது அவளுடைய அம்மாவின் பேச்சைத்தானே, ஊர்ப் பேச்சிலேயே பேசிவிடு பிள்ளை என்று சொல்லியிருந்தேன்.

கொரியனும் தமிழும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஊதித் தள்ளலாம் என்று சொல்லும் ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களை ஒரு நாள் என் டேப்லெட்டுக்கு முன்னால் இருத்தவேண்டும்.

இந்த ஆப் இருக்கிறதே, அது ஒரு விசித்திரமான வாத்தியார். 'ஸ்பேஸ்ட் ரெபிட்டிஷன்' என்கிறார்கள். அதாவது இடைவெளி விட்டு இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்பது. ஒரு கார்டு வரும். மறந்துவிட்டதா? 'மறந்துவிட்டேன்' என்ற பட்டனை அமத்தவேண்டும். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து நிற்கும். நினைவிருக்கிறதா? 'தெரியும்' என்று அமத்தினால் நாளைக்கு வரும். நாளைக்கும் தெரியும் என்றால் சில நாள் கழித்து, பிறகு சில கிழமை கழித்து... 'மிகவும் எளிது' என்று அமத்திவிட்டால் மாதக்கணக்கில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. மறக்கப் போகிற நேரம் பார்த்து வந்து கேட்பதுதான் அதன் கெட்டித்தனம்.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. உண்மை பேசவேண்டும். எங்கள் ஆட்களுக்கு அதுதான் கஷ்டம்! தெரியாது என்று சொல்ல எங்களுக்கு வாய் வராதே. தெருவில் யாராவது வழி கேட்டால், தெரியாத வழியையும் கையை நீட்டிக் காட்டி அனுப்பிவிடுகிற பரம்பரையல்லவா?

நான் நேர்மையாகத்தான் அமத்தினேன். நம்புங்கள். முதல் கார்டு 'சாதோன்'. சம்மந்தி என்று அர்த்தம். இந்த உறவுக்கு ஜெர்மனில் ஒரு சொல் இல்லை. கடையில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் 'மகனுடைய மனைவியுடைய அம்மா' என்று ரயில் பெட்டி மாதிரிக் கோத்துக்கொண்டு போகவேண்டும். கொரியனில் ஒரே சொல். எனக்கு அந்த மொழி அன்றைக்கே பிடித்துவிட்டது.

மாரி தொடங்குகிற காலத்தில் சமையல் வசனங்களைப் போட்டேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமா, உப்புக் காணுமா, வெட்கப்படாமல் சாப்பிடுங்கள். பிறகு ஆஸ்பத்திரிச் சொற்கள். பிள்ளைப்பேறு என்றால் தேவைப்படுமே என்று அதையும் நிறையப் போட்டேன். போட்ட பிறகு ஓர் அதிசயம் நடந்தது. வேலை முடிந்து வந்து டேப்லெட்டைத் திறந்தால், 'இன்றைய பாடம் முடிந்தது! அருமை!' என்று வரும். இரண்டு மூன்று கார்டு மிச்சம் இருந்தாலே பெரிய விஷயம்.

நான் என்ன நினைத்தேன்? என் மூளை அப்படி என்று நினைத்தேன்! அட்லிஸ்வில் முருகன் கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் சொன்னேன். "எனக்கெண்டால் இப்ப பாடமே வாறேல்லை. எல்லாம் ஏறிட்டுது." அர்ச்சனைக்கு வந்தவர்கள் என் மூளையைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

"இஞ்சருங்கோ... என்ன செய்யிறியள்?"

இவர் திடுக்கிடக்கூட இல்லை. "உம்மட பாடம்தான். இண்டைக்குக் கொஞ்சம் கூட வந்திருக்கு. முடியப் போகுது, இரும்."

"என்ர பாடத்தை நீங்கள் ஏன் படிக்கிறியள்?"

"நீர் நாள் முழுக்கக் கடையிலை நிண்டு களைச்சு வாறீர். வந்து இதோடையும் மல்லுக்கட்ட வேணுமோ? அதுதான் பின்னேரத்திலை நான் செய்து வைச்சிடுறனான்."

"எவ்வளவு காலமா?"

"நீர் ஆஸ்பத்திரிக் கார்டுகள் போட்ட நாளிலையிருந்து."

இவருக்கு லாகரில், அதாவது சரக்குக் கிடங்கில் வேலை. விடியப்புறம் போய்ப் பெட்டிகளை அடுக்கி அனுப்பிவிட்டு மத்தியானம் திரும்பிவிடுவார். வந்ததும் வெங்காயம் உரிப்பார். கட்டிடத்தின் சலவை அறையில் எங்கள் முறை நாள் என்றால் போய்த் தோய்த்து, காயவைத்து, மடித்து வைப்பார். வாயால் ஓர் அன்பு வார்த்தை வராது. கையால்தான் எல்லாம். அந்தக் கையோடு கையாக என் கொரிய மொழியையும் தோய்த்துக் காயப்போட்டு மடித்து வைத்திருக்கிறார்!

எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே அக்கவுண்ட்தானே. படம் பார்க்க ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று, கொரியனுக்கும் ஒன்று. பாவம், அந்த ஆப்புக்கு எங்கே தெரியும், பின்னேரம் அமத்துகிற விரல் வேறு, இரவில் அமத்துகிற விரல் வேறு என்று? இவருக்குத் தெரிந்ததையெல்லாம் எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டு கார்டுகளைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சொற்கள் அத்தனையும், இனிக் கோடைகாலத்தில்தான் வருவோம் என்று தள்ளிப்போய்க் கிடந்தன. பிள்ளையோ இன்னும் சில கிழமைகளில்!

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டுமா?

"எனக்குப் பசிச்சால் நீங்கள் சாப்பிடுவியளோ? எனக்கு நித்திரை வந்தால் நீங்கள் படுப்பியளோ?"

இவர் கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். "அப்ப நான் இவ்வளவு நாளும் செய்தது?"

"வீண்! முழுக்க வீண்! இனி இந்த டேப்லெட்டைத் தொடக்கூடாது."

இவர் மிச்சத் துவாயை எடுத்து மடித்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

எல்லாக் கார்டையும் முதலிலிருந்து தொடங்கலாம் என்றாள் சோயோன். தொடங்கினால் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து மேலே விழும். காலம் போதாது. அதனால் சமையலையும் பொதுவான பேச்சையும் மட்டும் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மகன் நிற்பான், சோயோன் இருப்பாள், நான் எதற்கு என்று அந்தச் சொற்களைக் கைவிட்டேன்.

சம்மந்தி வந்து இறங்கினார். அட்லிஸ்வில்லில் மகனின் வீட்டு வாசலில் நின்று, "சாதோன், வாருங்கள், களைத்திருப்பீர்கள், சாப்பிடுங்கள்" என்று கொரியனில் சொன்னேன். மனுசி பெட்டியை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் காய்ந்த கடற்பாசி. பிள்ளை பெற்றவளுக்குப் பாசி சூப் கொடுப்பது அவர்கள் வழக்கமாம். நான் கொண்டுபோயிருந்தது சரக்குத்தூள். மிளகு, மல்லி, மஞ்சள், இஞ்சி எல்லாம் சேர்த்து இடித்தது. ஒரு நேரம் உங்கள் சூப், ஒரு நேரம் என் சரக்குக்கறி என்று நானே பேசி ஒப்பந்தம் செய்தேன். மகன் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் விடவில்லை!

முக்கியமான அந்த வசனத்தை மட்டும் சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

பிள்ளை எங்கள் நல்ல நேரத்துக்குக் காத்திருக்கவில்லை. சொன்ன நாளுக்கு முன்னமே, ஒரு காலையில் சோயோனுக்கு வலி வந்துவிட்டது. ஆரூரன் உள்ளே அவளோடு. வெளியே நடைபாதையில் சம்மந்தி, நான், இவர்.

முற்பகல் போலக் கதவு திறந்தது. மருத்துவிச்சி விறுவிறு என்று வந்து ஜெர்மனில் சொன்னார். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது, உடனே ஆபரேஷன் செய்து எடுக்கிறார்கள், தாய்க்கு ஆபத்தில்லை, அரை மணித்தியாலம் பொறுங்கள். சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த நிமிடம் கட்டில் ஒன்றை உருட்டிக்கொண்டு போனார்கள். அதில் சோயோன். பின்னால் பச்சைத் தொப்பியோடு என் மகன் ஓடுகிறான்.

சம்மந்தி எழுந்தார். என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியை என்னால் மறக்கமுடியாது. கொரியனில் படபடவென்று கேட்டார். 'என் மகள்' என்பது மட்டும் விளங்கியது.

வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? 'இன்னும் கொஞ்சம் போடட்டுமா?' வந்தது. 'உப்புக் காணுமா?' வந்தது. ஆபரேஷனுக்கு என்ன சொல்? இதயத்துக்கு? நானே எழுதிய கார்டுகள்தான். ஒன்றுகூட வரவில்லை.

போனில் மொழிபெயர்ப்பு ஆப் இருக்கிறதே என்பீர்கள். நீட்டினேன். அவர் போனைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். என் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்து இன்னும் பயந்தார்.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு குரல்.

"சுசுல்."

இவர்! ஜாக்கெட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார். ஆபரேஷன் என்று அர்த்தம். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "ஆகி... சிம்ஜாங்" என்றார். குழந்தை, இதயம். உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்கிக் காட்டினார். பிறகு டாக்டருக்கு ஒரு சொல், அரை மணித்தியாலத்துக்கு ஒரு சொல். கடைசியில் "க்வென்ச்சனாயோ" என்றார். ஒன்றுமில்லை, எல்லாம் சரி.

சம்மந்தி அப்படியே நின்றார். என் கையை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார். பார்த்த பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. சோயோன் பிறகு சொல்லித்தான் விளங்கியது. பூசான் பேச்சுக்கு ஒரு தனி ஏற்ற இறக்கம் இருக்கிறதாம். இவர் படித்தது முழுக்க சோயோனின் குரலைக் கேட்டு. அவள் எந்த இடத்தில் ஏற்றினாளோ அந்த இடத்தில் ஏற்றி, எந்த இடத்தில் இழுத்தாளோ அந்த இடத்தில் இழுத்து... உள்ளே என்ன நடக்கிறதோ என்று நடுங்கிக்கொண்டிருந்த தாய்க்கு, ஒரு யாழ்ப்பாணத்து மனிதரின் வாயிலிருந்து தன் மகளின் பேச்சு கேட்டிருக்கிறது. 'க்வென்ச்சனாயோ' என்று அவளே சொன்ன மாதிரி இருந்ததாம்.

மனுசி கதிரையில் இருந்தார். அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு இவரிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

அங்கேதான் சிக்கல். இவருக்குச் சொல் தெரியும், வசனம் தெரியாது. எனக்கு வசனம் தெரியும், சொல் தெரியாது!

"விழிச்சிருக்கிறாளோ எண்டு கேக்கிறா எண்டு நினைக்கிறன். மயக்க மருந்துக்கு என்னப்பா?"

"மாச்வி."

அதை வாங்கி வசனத்தில் வைத்துக் கொடுத்தேன்.

"தையலுக்கு?"

"பொறும்... அது லேசான சொல்தான்..." கண்ணை மூடினார். அதையும் தந்தார்.

கேள்வியை நான் வாங்குவேன். சொல்லை இவர் தருவார். வசனத்தை நான் கோப்பேன். அந்த நேரம் போன விதமே தெரியவில்லை. கேள்விகள் தீர்ந்த ஒரு இடத்தில், நான் வைத்திருந்த அந்த வசனத்தைச் சொன்னேன். உங்கள் மகள் என் மகள். நடுவில் யாரும் இல்லை. சம்மந்தி என் தோளில் தலையை வைத்தார்.

ஆரூரன் வெளியே வந்தான். தொப்பி கோணல். முகம் முழுக்கக் கண்ணீர். "பொம்பிளைப் பிள்ளை அம்மா. ரெண்டு பேரும் சுகம்." மூன்று பேரும் மூன்று மாதிரி அழுதோம்.

வீண் என்று சொன்னேனே, அந்தச் சொல்லை அந்த நடைபாதையிலேயே திருப்பி வாங்கிக்கொண்டேன். யோசித்துப் பாருங்கள். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்த வீடுகளில் ஞாபகம் எப்போதும் ஒரு ஆளிடம் முழுதாக இருக்கிறதா? யார் யாருக்கு என்ன முறை என்று எனக்குத் தெரியும். எந்த ரயில் எந்த மேடையில் என்று இவருக்குத் தெரியும். யாராவது ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேரமாட்டார். பங்கு போட்டுக்கொண்டுதான் நினைவு வைத்திருக்கிறோம். அதை எந்த ஆப் கண்டுபிடித்தது?

மத்தியானம் போல மருத்துவிச்சி திரும்பவும் வந்தார். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் போகும்போது நடுங்கிக்கொண்டு நின்ற அம்மா இப்போது சிரித்துக்கொண்டு இருக்கிறாரே! "உங்களில் யாருக்குக் கொரிய மொழி தெரியும்?" என்று கேட்டார்.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து இவரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். ஜெர்மன் தெரியுமா? கந்தோர் அதிகாரியோ, டாக்டரோ, கீழ்வீட்டுக்காரரோ, யார் கேட்டாலும் இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு "பிட்ஸெலி" என்பார். கொஞ்சம் என்று அர்த்தம். கேட்டால் விளங்கும், கதைக்கத்தான் கூச்சம். உடனே நான் ஓரடி முன்னால் போய் நின்று கதைக்கத் தொடங்குவேன். இத்தனை வருடமும் அப்படித்தான்.

இவர் மருத்துவிச்சியை நேரே பார்த்தார். ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார்.

"பிட்ஸெலி," என்றார்.

நான் ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டேன்.